ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க

அவரோடு நான் வேலை பார்த்த மூன்று வருடத்தில், அவர் ஒரு பிழையைக்கூடத் தன் கண்ணால் பார்த்ததில்லை. பிழை இல்லாமல் இல்லை. தினம் நாலு பேராவது போனில் கூப்பிட்டு, ஸ்கிரீனில் தப்பாகக் காட்டுகிறது என்று அழாத குறையாகச் சொல்வார்கள். நாங்களே ஆபீசில் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடுவோம். அவர் நிதானமாக நடந்து வருவார். உட்கார மாட்டார். நின்றபடியே குனிந்து, ஆள்காட்டி விரலால் எஃப்5 பொத்தானை ஒரே தட்டு. திரை ஒரு கணம் வெளுத்து, மறுபடி முதலிலிருந்து வரும். தப்பு போயிருக்கும்.

"இப்பப் பாருங்க அம்மணி. சரியாத்தானுங்க இருக்குது? ரெஃப்ரெஷ் பண்ணிப் பாத்துட்டுக் கூப்பிடுங்க."

கொலை நடந்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, தரையைக் கழுவிவிட்டு, "இங்க ஒண்ணுமே நடக்கலையே" என்று கேட்கும் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்படித்தான் தன் இடத்துக்குத் திரும்பிப் போவார், கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி.

ஏழு பேர் இருந்த ஆபீஸ் எங்களுடையது. திருப்பூர் பி.என். ரோட்டில் ஓர் எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு மேல்மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே டீ டம்ளரில் அலை எழும். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்வது தொழில்: எந்த ஆர்டர் கட்டிங்கில் இருக்கிறது, எது தையலில், எது பேக்கிங்கில் என்று ஸ்கிரீனில் காட்ட வேண்டும். ஏழு பேரில் அவர் மட்டும் விசிட்டிங் கார்டு அடித்திருந்தார். அதில் 'சீஃப் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருந்தது. கார்டை வாங்கிப் பார்த்த நிட்டிங் கம்பெனிக்காரர் ஒருவர், தன் புது வீட்டுக்கு பிளான் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இது வேறு வேலை என்று சொல்லியிருக்கலாம். அவர், "பண்ணிக்கலாமுங்க" என்றார்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்துவிட்டு, வீடியோ பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். மார்தட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம். அவர் அதைத்தான் மறைத்தார். யாராவது எந்தக் காலேஜ் என்று கேட்டால் உடனே அவருக்கு போன் வந்துவிடும். மணி அடிக்காத போன்.

ஒரு விஷயத்தை அவர் ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும், அதற்கப்புறம் அது மாறாது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் என் அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு நாள் லீவு கேட்டேன். அவ்வளவுதான். அப்பா பத்தாம் நாளே அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போய், குடத்தில் இருக்கும் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து ஆட்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். இவருக்கு மட்டும் அப்பா பார்வை போனவராகவே இருந்தார். மூன்று வருடமும், வாரத்துக்கு ஒரு தடவை, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அப்பாவுக்குக் கண்ணு இப்ப எப்படிங்க அம்மணி?"

"நல்லாத் தெரியுதுங்க சார்."

"அப்படித்தானுங்க மனசைத் தேத்திக்கோணும்."

ஒரு நாள் அப்பாவே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, நான் மறந்துவிட்டுப் போன சார்ஜரைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். கொடுத்துவிட்டுக் கிளம்பியவரின் கையை இவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். "படிங்க... இன்னொரு படிங்க... பாத்துங்க..." என்று பதினெட்டுப் படியும் இறக்கிக்கொண்டு போனார். அப்பா மரியாதைக்காரர். கண்ணைக்கூட லேசாக மூடிக்கொண்டு இறங்கினார். கீழே போனதும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, கையசைத்துவிட்டுப் போனார். இவர் திரும்பி வந்து என்னிடம், "தைரியமான மனுசனுங்க" என்றார்.

மனிதர் நல்லவர் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் எழுதிய புரோகிராமும் அவரைப் போலவே இருந்தது. நாங்கள் எழுதியது ரியாக்டில். அது திரையைத் துண்டு துண்டாகக் கட்டும் முறை. ஒவ்வொரு துண்டும் ஒரு காம்போனென்ட். ஒரு காம்போனென்ட் தனக்கென்று ஞாபகத்தில் வைத்துக்கொள்வதற்கு ஸ்டேட் என்று பெயர். மேலே இருக்கும் துண்டு கீழே இருப்பதற்குக் கொடுத்தனுப்புவதற்கு ப்ராப்ஸ் என்று பெயர். ஒரு தகவல் ஒரே இடத்தில் ஸ்டேட்டாக இருக்க வேண்டும், மற்ற எல்லோரும் அங்கிருந்து வாங்கிக் காட்ட வேண்டும், தாங்களாக நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. இது முதல் பாடத்திலேயே வரும். ஏனென்றால் நகல் எடுப்பது முதல் தடவை மட்டும்தான் நடக்கும். பிறகு மேலே எவ்வளவு மாறினாலும் கீழே பழையதுதான் தெரியும்.

அவருடைய காம்போனென்ட்கள் ஒவ்வொன்றும் மேலிருந்து வந்ததை நகலெடுத்துத் தன் ஸ்டேட்டில் பத்திரமாக வைத்திருந்தன.

"மேல இருந்து வர்றத நம்பப்படாதுங்க அம்மணி. எப்பவும் நம்ம கையில ஒண்ணு இருக்கோணும்" என்பார்.

மங்கலத்தில் ஒரு விசைத்தறிக்காரரிடம் இதை முதன்முதலில் ஓட்டிக் காட்டப் போனோம். இவர் முன்பு புரோகிராம் எழுதப் பழகியிருந்த பழைய கருவியில், திரையில் நாம் தட்டும் கட்டத்தையும் உள்ளே இருக்கும் தகவலையும் அதுவே இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ரியாக்டில் அந்த முடிச்சை நாம்தான் போட வேண்டும். கட்டத்தில் தெரிவதும், தட்டினால் மாறுவதும் ஒரே தகவலாக இருக்க வேண்டும். இவர் தட்டியதை ஓரிடத்துக்கு அனுப்பியிருந்தார், தெரிவதை இன்னோரிடத்து நகலிலிருந்து எடுத்திருந்தார். தறிக்காரர் மீட்டர் கணக்கைத் தட்டினார். கட்டத்தில் ஒன்றுமே விழவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினார்.

"ஏனுங்க, ஒண்ணும் வரமாட்டீங்குதே?"

இவர் கீபோர்டைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பஞ்சு விழுந்தது. "பாத்தீங்களா, பஞ்சு" என்றார். தறிக்காரர் பக்கத்து ஆபீசிலிருந்து ஒரு கீபோர்டு வரவழைத்தார். அதிலும் வரவில்லை. மூன்றாவதாகக் கடைக்கு ஆள் அனுப்பிப் புத்தம் புதுக் கீபோர்டே வாங்கினார். இதற்குள் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். தட்டியதில் கடைசியாகத் தட்டிய ஒரே ஓர் எண் மட்டும் போய் உட்கார்ந்திருந்தது. இவர் எஃப்5 அடித்தார். அந்த ஓர் எண் திரையில் வந்தது. "வந்துருச்சுங்களா? இந்தக் கீபோர்டு நல்ல கீபோர்டு. இதையே வெச்சுக்குங்க."

தறிக்காரர் நன்றி வேறு சொன்னார்.

சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. பேக்கிங் ஸ்கிரீனில் இதே நகல் இருப்பதை ஒரு நாள் நான் கண்டுபிடித்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன்.

"சார், இது மொதத் தடவை மட்டும்தாங்க எடுக்குது. ஆர்டர்ல ஏதாச்சும் மாத்துனா, மேல தேதி மட்டும் மாறுதுங்க. கீழ விவரம் பழசாவே நிக்குதுங்க."

அவர் பார்த்தார். எஃப்5 அடித்தார். "இப்ப வந்துருச்சுங்களே?"

"ரெஃப்ரெஷ் பண்ணுனாத்தானுங்க வருது."

"அப்பப் பண்ணிக்குவாங்க. அதுக்குத்தானுங்க அந்தப் பட்டனையே வெச்சிருக்கறான்."

நான் லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். சீஃப் ஆர்க்கிடெக்ட் வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அந்த ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருந்தது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் செக்ஷன் சுவரில். பெரிய டிவி. காலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் வந்துவிடும் என்பார்கள். உண்மையில் யாரும் அணைப்பதே இல்லை, வாரக்கணக்கில் ஓடும். பேக்கிங்குக்கு சூப்பர்வைசர் ஓர் அக்கா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் சொருகிய பேனா, முப்பது பேரை ஒரே பார்வையில் மேய்க்கும் கண். டிவியில் என்ன காட்டுகிறதோ அதன்படி பெட்டி கட்ட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

குழந்தைகள் பனியன் ஆர்டர், நாலு சைஸ். முதலில் ஒரு பெட்டிக்குள் ஒரே சைஸ் போடச் சொல்லியிருந்தார்கள். நடுவில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் மனசு மாறி, ஒவ்வொரு பெட்டியிலும் நாலு சைஸும் கலந்து இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் அதை அன்றைக்கே ஆர்டர் பக்கத்தில் மாற்றிவிட்டார். டிவியில் மேலே 'கடைசியாக மாற்றியது' என்ற வரியில் அன்றைய தேதியும் நேரமும் வந்தன. கீழே 'ஒரே சைஸ்' என்றே நின்றது.

தையல் பக்கம் யாரோ, இந்தத் தடவை கலந்து கேட்டிருக்கிறார்களாம் என்று பேசியது அக்கா காதில் விழுந்திருக்கிறது. மெர்ச்சண்டைசர் சென்னையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அக்கா எங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டார். போனை எடுத்தது நான். சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஸ்கிரீன்ல என்னங்க காட்டுது? ஒரே சைஸுன்னுதானுங்களே? மேல தேதியப் பாருங்க. இன்னைக்குத் தேதி இருக்குதுங்களா? அப்பறம் என்னங்க சந்தேகம். அதான் ஃபைனல்."

எத்தனையோ நாள், எத்தனையோ பேரை ரெஃப்ரெஷ் பண்ணச் சொன்ன மனிதர், அந்த ஒரு நாள் மட்டும் அதைச் சொல்லவில்லை.

பையரின் இன்ஸ்பெக்டர் வந்து முதல் பெட்டியைப் பிரித்தார். பிறகு இன்னொன்று. பிறகு பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கட்டிய பெட்டி அத்தனையும் பிரித்துக் கட்ட வேண்டும்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் அவரும் போனபோது முதலாளி பேக்கிங் செக்ஷன் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். முப்பது பேரும் கையில் பனியனோடு நின்றார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தபடி சொன்னார்: "டிவில ஒரே சைஸுன்னுதான் காட்டிச்சு சார். இப்பவும் காட்டுது. இந்தா பாருங்க."

முதலாளி டிவிப் பக்கம் திரும்புவதற்குள் இவர் முந்திக்கொண்டார். அந்த டிவிக்குக் கீபோர்டே கிடையாது. இவர் தன் பையைத் திறந்து ஒரு சின்னக் கீபோர்டை எடுத்தார். எங்கே போனாலும் கொண்டு போவார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் கொண்டு போகிற மாதிரி. டிவிக்குப் பின்னால் செருகினார். ஒரே தட்டு. திரை வெளுத்தது. 'நாலு சைஸும் கலந்து' என்று வந்தது.

"சரியாத்தானுங்க இருக்குது" என்றார். அக்காவைப் பார்த்து, "நீங்க ரெஃப்ரெஷ் பண்ணலைங்க" என்றார்.

"சுவத்துல தொங்குற டிவிய நான் எதை வச்சு சார் அமுக்குவேன்? உங்ககிட்ட போன் பண்ணிக் கேட்டேன்லா?"

"எங்கிட்ட தினம் நூறு பேரு கேக்கறாங்க."

முதலாளி கண்ணால் கண்டதை நம்பினார். எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவியளை எல்லாம் சூப்பர்வைசருன்னு வெச்சிருக்கறேன் பாரு. நாளைக்கு வர வேண்டாம், போ" என்றார். அக்கா காதில் இருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். அது கம்பெனிப் பேனா.

முன்பே தெரிந்த தப்பை நான் அங்கே சொல்லவில்லை. வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் அக்கா டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இவர் வண்டியை எடுத்துக்கொண்டே, "பாவமுங்க" என்றார். மனதார. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குப் போகாமல் நேராக அந்தக் கம்பெனிக்குப் போனேன். முதலாளியிடம் அஞ்சு நிமிஷம் கேட்டேன். விஷயம் தெரிந்து இவரும் பின்னாலேயே வந்துவிட்டார். டிவிக்கு முன்னால் நின்று, என் லேப்டாப்பில் ஆர்டர் பக்கத்தைத் திறந்து, 'நாலு சைஸும் கலந்து' என்று இருந்ததை 'ஒரே சைஸ்' என்று மாற்றினேன்.

"இப்ப டிவியப் பாருங்க சார்."

கொஞ்ச நேரத்தில் மேலே நேரம் மாறியது. கீழே 'நாலு சைஸும் கலந்து' அசையாமல் நின்றது. மாற்றினேன். மறுபடி மாற்றினேன். மேலே நேரம் மட்டும் புதுசு புதுசாக வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவர் பையைத் திறந்து சின்னக் கீபோர்டை எடுத்தார்.

"கை வெக்காதீங்க தம்பி" என்றார் முதலாளி.

இவர் கீபோர்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அப்ப அந்தப் புள்ள பொய் சொல்லலை."

"இல்லீங்க சார். தப்பு எங்களுதுங்க. எனக்கு முன்னாடியே தெரியுமுங்க" என்றேன்.

இவர் தொண்டையைச் செருமினார். "அது தப்புன்னு சொல்ல முடியாதுங்க. நம்ம டிசைனே அப்படிங்க."

"ஏனுங்க தம்பி, பனியன்ல ஓட்டை விழுந்தா நான் அதை டிசைனுன்னு பையருக்கு விக்க முடியுமுங்களா?"

அக்காவுக்கு போன் போட்டார்கள். வந்தார். முதலாளி தன் ரூமுக்குள் கூப்பிட்டு, "சரி சரி, ஏதோ நடந்துருச்சு. போயி வேலையப் பாரம்மா" என்றார். அக்கா நகரவில்லை.

"நேத்து எல்லார் முன்னாடியும் வச்சுச் சொன்னீங்கள்லா சார். இன்னைக்கும் அங்க வந்து சொல்லுங்க. ரூமுக்குள்ள சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்கும்."

முதலாளி எழுந்தார். பேக்கிங் செக்ஷனுக்கு வந்து, அதே இடத்தில் நின்று, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, "நேத்து நான் பேசுனது தப்புதானுங்க. இந்தப் புள்ள சரியாத்தான் பண்ணியிருக்குது" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் பேசி முப்பது பேரில் யாரும் கேட்டதில்லை. ஓர் ஒடியாப் பையன் கை தட்டிவிட்டுப் பயந்து நிறுத்தினான். இவர் அப்போது போனில் எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். போன் வெளிச்சம்கூட இல்லை.

கன்டெய்னருக்கு நேரமாகிவிட்டதால் ஆபீஸ் ஆட்கள், மெர்ச்சண்டைசர், நான், எல்லோரும் பெட்டி பிரிக்க உட்கார்ந்தோம். வேறு வழியில்லாமல் இவரும் உட்கார்ந்தார். அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. மனிதர் அற்புதமாக மடித்தார். குட்டிப் பனியன்களைத் தோள் மேல் தோள் சேர்த்து, ஒரு சுருக்கமில்லாமல், அச்சில் வார்த்த மாதிரி. டிப்ளமோ படித்தபோது லீவில் பனியன் கம்பெனிக்கு செக்கிங், மடிக்கிற வேலைக்குப் போனாராம். மூன்று வருடத்தில் தன் பழைய வாழ்க்கையைப் பற்றி அவர் வாயால் வந்த ஒரே வாக்கியம் அது. அக்கா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாருக்கு இந்த வேலை நல்லா வருது" என்றார்.

முப்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து, வெட்கத்தோடு சிரித்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து அவருடைய நகல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். தகவல் ஒரே இடத்துக்கு வந்தது. புது வெர்ஷன் போகும்போது கம்பெனிகளுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், 'வேகம் கூட்டப்பட்டுள்ளது' என்று ஒரே வரி எழுதியிருந்தார்.

ஆறேழு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்தார். பெரிய கம்பெனி, நல்ல பதவி. அதற்கு இவர் விண்ணப்பித்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"இன்டர்வியூல ஒரு விஷயம் சொன்னாருங்க. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஸ்டேட் பழசாவே நின்னு ஷிப்மென்ட்டே கைவிட்டுப் போற மாதிரி ஆயிருச்சாம். இவருதான் கண்டுபிடிச்சு, அந்த முதலாளி முன்னாடியே காமிச்சு, ஒரு லேடியோட வேலையக் காப்பாத்துனேன்னு சொன்னாரு. ரொம்ப நல்லாச் சொன்னாரு. அது உண்மைதானுங்களா?"

நான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு புதுப் பெண் ஏதோ தப்பைக் காட்ட இவரைக் கூப்பிட்டிருந்தாள். இவர் குனிந்துகொண்டிருந்தார்.

"ஆமாங்க. அவருதானுங்க கண்டுபிடிச்சாரு. உடனே எடுத்துக்குங்க" என்றேன்.

அவருக்கு நாங்கள் கேக் வெட்டி, சால்வை போட்டு வழியனுப்பினோம். கண் கலங்கினார். அப்பாவை நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொன்னார். மறுநாளிலிருந்து ஆபீஸ் ஒரு மாதம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. புதுப் பெண் ஒரு நாள் சாப்பிடும்போது, அவர் போன கம்பெனி என்ன பண்ணுகிறது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளே போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறார்களாம். எந்தப் பெட்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று நர்ஸ்கள் பார்க்கிற ஸ்கிரீன்.

எனக்குக் கோயம்புத்தூரில் சொந்தம் நிறைய. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று போன் வந்தால், என்ன உடம்புக்கு என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிறேன்.